மாப்பிள்ளை கொடுத்த பிக்கப்பில் ஒரு சத்தம்

வேகத்தடையில் ஏறி இறங்கும்போது வண்டியின் முன்பக்கம், இடது சக்கரத்தருகே, ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரும். நேரான ரோட்டில் வராது. வேகமாகப் போனால் வராது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கினால், இல்லையென்றால் வளைவில் திரும்பிக்கொண்டே மேட்டில் ஏறினால், யாரோ அடியில் உட்கார்ந்து சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கும். எனக்கு வாடகைப் பாத்திரமும் நாற்காலியும் விடுகிற தொழில். பின்னால் அண்டாவும் கரண்டியும் ஏற்றிக்கொண்டு போகும்போது அவை போடுகிற கூச்சலில் எதுவும் காதில் விழாது. கல்யாண வீட்டில் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும்போதுதான் அது தன் வேலையைக் காட்டும். அதனால் சத்தம் எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நான் கவனித்தது, வண்டி எங்கள் கைக்கு வந்து சில வாரங்கள் ஆனபிறகு என்று மட்டும் சொல்லலாம்.

பிக்கப் என் தங்கையின் கணவருடையது. நிரவிப் பக்கம் ஹாலோ பிளாக் கல் போட்டு விற்கிறவர். பெரிய வண்டி ஒன்று வாங்கியதும், வெளியில் கேட்டவர்களுக்கெல்லாம் இல்லையென்று சொல்லிவிட்டு இதை எனக்குக் கொடுத்தார். வெறும் வண்டி என்றால் இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அதற்கு முந்தைய வருடம் நான் புது வீடு குடிபுகுந்தபோது, வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டிய மனிதரைப் போனில் அழைத்தேன். மழை, வேலை, அலைச்சல் என்று எனக்குக் காரணங்கள் இருந்தன. அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று தங்கை கேட்க, அவர் ஒன்று சொல்ல, அவர் அம்மா இரண்டு சொல்ல, ஐப்பசி அடைமழையில் தங்கை குழந்தையோடும் ஒரு பெட்டியோடும் எங்கள் வாசலில் வந்து இறங்கினாள். தை அறுவடை முடிகிறவரை இங்கேதான் இருந்தாள்.

அந்த மாதங்கள் முழுக்கத் தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாரும் “இன்னும் போவல்லியா?” என்று அவளைக் கேட்டார்கள். அக்கறையாகக் கேட்டவர்களும் உண்டு, வாய்க்கு அவல் கிடைத்ததென்று கேட்டவர்களும் உண்டு. கடைசியில் அவள் பகலில் கடைக்குப் போவதையே விட்டுவிட்டாள். பெரியவர்கள் பேசி ஒருவழியாக அவளை அனுப்பிவைத்தோம். அதற்கப்புறம் அவராகவே முன்வந்து செய்த முதல் காரியம் இந்த வண்டி. ‘எங்கண்ணனுக்கு வண்டி கொடுத்தவர்’ என்று தங்கையும், ‘வண்டி வாங்கிக்கொண்ட வீட்டின் பெண்’ என்று அந்த வீடும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவள் மறுபடி அப்படி ஒரு பெட்டியோடு வந்து நிற்கக் கூடாது. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இருந்த பயம் அது ஒன்றுதான்.

கோட்டுச்சேரி மெயின் ரோட்டில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆடவில்லை. மண்டபத்தூர் ரோடு வரை என்னோடு வந்து, ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டிக் கேட்டார்.

“சத்தம் இருக்குங்கண்ணே. எங்கேருந்து வருதுன்னுதான் புரியல. இதுக்கு முன்ன ஓட்டுனவருட்ட ஒரு போன் போடுங்களேன். எங்கயாச்சும் இடிச்சுதா, எதையாச்சும் மாத்துனாரா, அவருக்குத் தெரிஞ்சிருக்கும்ல.”

“அது முடியாது” என்றேன்.

“ஏண்ணே, வெளியூருல இருக்காரா?”

“இல்ல. எங்க மாப்ள.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. அவருக்கும் தங்கை இருக்கிறாள். பெண் கொடுத்த இடத்தில் வாய்விட்டு ஒன்றைக் கேட்பது என்றால் என்னவென்று அவருக்குச் சொல்லத் தேவையில்லை. ‘வண்டியில ஒரு சத்தம் வருது மாப்ள’ என்று நான் சொன்னால், அது அவர் காதில் ‘ஓட்டை வண்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டீர்கள்’ என்று விழும். அவர் அம்மா காதில் இன்னும் மோசமாக விழும். ராத்திரி சோற்றுத் தட்டை வைக்கும்போது அது என் தங்கையின் தலையில் வந்து இறங்கும். இப்படித்தான் நான் கணக்குப் போட்டேன். ஒரு போனில் முடிய வேண்டிய விஷயத்தை நாங்கள் அனுமானத்தில் தேட ஆரம்பித்தோம்.

முதலில் லிங்க் புஷ் என்கிற ரப்பர் துண்டை மாற்றினோம். சத்தம் போகவில்லை. பிறகு பால் ஜாயிண்ட். வண்டி திருப்புவதற்குக் கொஞ்சம் இலகுவானது, சத்தம் அப்படியே இருந்தது. ஷாக் அப்சார்பரைக் கழற்றி இன்னொரு வண்டியினுடையதைப் போட்டுப் பார்த்தோம். வேகத்தடையில் ஏறியதும் ‘டொக்’. மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை. “சேசிஸ்ல அடி வாங்கியிருக்குமோன்னு தோணுதுண்ணே” என்றார் ஒரு நாள், தயங்கித் தயங்கி.

அந்த வார்த்தையை அவர் சொல்லியிருக்கக் கூடாது. இல்லை, அவர் மேல் பழி போடுவானேன், நான்தான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். மாப்பிள்ளை எங்கேயோ இடித்திருக்கிறார், அதை மறைத்துப் பெயின்ட் அடித்து எனக்குக் கொடுத்துவிட்டார் என்று மனதுக்குள் ஒரு கதை ஓட ஆரம்பித்தது. டார்ச்சை வைத்துக்கொண்டு, வண்டியின் எலும்புக்கூடான சேசிஸில் வெல்டிங் பற்ற வைத்த தடம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லாத இடத்தில் இருப்பதாகக்கூட ஒருமுறை நினைத்தேன். இதையெல்லாம் செய்துகொண்டே, அவர் போனில் கூப்பிட்டால் எழுந்து நின்று “சொல்லுங்க மாப்ள, வண்டி சூப்பரா ஓடுது” என்று பேசினேன். நான் கோபக்காரன் என்று ஊரில் பெயர். அந்தக் கோபம் யாரிடம் செல்லுபடியாகும், யாரிடம் ஆகாது என்று அதற்கே நன்றாகத் தெரிந்திருந்தது.

அம்மா என்னைவிட ஒருபடி மேல். தெருமுனை மேட்டில் வண்டி ஏறும்போதே சத்தத்தைக் கேட்டுவிடும். “இன்னும் சரி பண்ணலியா தம்பி? மாப்பிள்ள காதுக்குப் போயிடப் போவுது” என்று வாசலிலேயே நின்று அடிக்குரலில் சொல்லும். தங்கை ஊருக்கு வந்தால், பஸ் ஸ்டாண்டிலிருந்து அவளை அழைத்துவர நான் பிக்கப்பை எடுப்பதில்லை, மோட்டார் சைக்கிளில் போவேன். ஏன் வண்டி எடுக்கவில்லை என்று அவள் கேட்டால் லோடு ஏற்றி நிற்கிறது என்பேன்.

தங்கை மகளுக்குக் காது குத்து வந்தது. தாய்மாமன் நான், மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். சீர்த் தட்டுகள், பழம், துணி எல்லாவற்றையும் வீட்டுப் பெண்களோடு பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். மாப்பிள்ளை வீட்டுத் தெருவில் வரிசையாக வேகத்தடைகள். ஊர்க்காரர்களே சிமென்ட்டைக் கொட்டிப் போட்டவை, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம் இருப்பதுபோல் இருக்கும். எனக்குத் தெருமுனையிலேயே வியர்த்துவிட்டது. வண்டியை அங்கே ஒரு புளியமரத்தடியில் ஓரங்கட்டிவிட்டு, எல்லாரையும் இறக்கி, தட்டுகளைத் தலையிலும் கையிலும் கொடுத்து, அந்த வெயிலில் தெரு முழுக்க நடக்க வைத்துக் கூட்டிப்போனேன். பார்க்கிறவர்களுக்குச் சீர் வரிசை ஊர்வலம் மாதிரி இருந்திருக்கும். எனக்குள் திருடன் மாதிரி இருந்தது.

மாப்பிள்ளை வாசலில் நின்று வரவேற்றார். “வாங்க மச்சான், வாங்க அத்தை. ஏன் நடந்து வர்றீங்க, வண்டி எங்க?”

“சர்வீசுல நிக்கிது மாப்ள. ஆட்டோவுல வந்தோம்” என்றேன்.

அவர் சரியென்று தலையாட்டினார். அதற்குக் கொஞ்ச நேரம் முன்புதான் பூ வாங்கிக்கொண்டு அதே தெருமுனை வழியாக வந்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. தான் ஓட்டிய வண்டி ஒருவருக்குத் தூரத்திலிருந்தே தெரியும். மரத்தடியில் நின்ற வண்டியையும், அதிலிருந்து தட்டுகள் இறங்கியதையும் பார்த்துவிட்டு வந்துதான் என்னிடம் கேட்டிருக்கிறார்.

மறுநாள் தங்கை போன் செய்தாள். சுற்றி யாரோ இருப்பதுபோல் மெல்லப் பேசினாள்.

“அண்ணே, எங்க வண்டியில வர்றது உங்களுக்கு அசிங்கமா இருக்கா?”

“யாரு சொன்னது?”

“அவருதான் கேக்குறாரு. பழைய வண்டின்னு சொந்தக்காரங்க முன்னாடி எறங்க உங்கண்ணனுக்குக் கூச்சமாப் போச்சான்னு கேக்குறாரு. நான் என்னன்னு சொல்லட்டும்?”

சத்தத்தைப் பற்றி அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். “அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ ஏதாச்சும் சொல்லிச் சமாளி” என்று சொல்லி வைத்துவிட்டேன். சமாளிக்கிற வேலையை அவளிடம் தள்ளிவிட்டு நான் பாத்திரம் ஏற்றப் போய்விட்டேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் முன்னறிவிப்பு இல்லாமல் தங்கையும் மாப்பிள்ளையும் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார்கள். அம்மா கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, “மாப்பிள்ளைய ஒக்காரச் சொல்லுடா, காப்பி போடுறேன்” என்றது. அம்மா அவரிடம் நேராகப் பேசாது. கல்யாணமான நாள் முதல் என் வழியாகவோ தங்கை வழியாகவோதான் பேச்சு.

அவர் உட்காரவில்லை. “சாவியக் கொடுங்க மச்சான், ஒரு ரவுண்டு போயிட்டு வர்றேன்” என்றார். கொடுத்தேன். தெருமுனை மேட்டில் ஏறி இறங்கும் சத்தம் எங்கள் வாசல் வரை கேட்டது. போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பார்க்காததுபோல் கேட்டின் கொக்கியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

வண்டியை நிறுத்தி இறங்கியவர் முகத்தில் கோபமில்லை. ஏதோ ஒரு சுமை இறங்கியதுபோல்தான் இருந்தது. “இதுக்குத்தான் தெருமொனையிலயே நிறுத்துனீங்களா?” என்றார். நான் ஆமாம் என்பதுபோல் எதையோ முனகினேன். “அட, சொல்லியிருக்கலாம்ல. ஒரு கைலி கொடுங்க” என்றார்.

அன்று நாங்கள் பட்ட அவமானத்தை எப்படிச் சொல்வது. வெள்ளைச் சட்டையோடு வந்த மாப்பிள்ளை, மாமியார் வீட்டு வாசலில், என் பழைய கைலியைக் கட்டிக்கொண்டு, உரச்சாக்கை விரித்து வண்டிக்கடியில் மல்லாந்து படுத்துவிட்டார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அம்மா காப்பி டம்ளரை வைத்துக்கொண்டு கதவுக்கும் வாசலுக்குமாக அல்லாடியது. “எந்திரிக்கச் சொல்லுடா, நம்ம மெக்கானிக்கு வந்து பாக்கட்டும், ஊரு என்ன சொல்லும்” என்று அழாத குறையாகச் சொன்னது. நான் சொல்லிப் பார்த்தேன். “இருங்க மச்சான்” என்று அடியிலிருந்து குரல் வந்தது.

முன்னால் மாடு கீடு முட்டினால் தாங்கட்டும் என்று வண்டிகளில் இரும்பு கார்டு ஒன்று பூட்டியிருப்பார்கள். அதைத் தாங்குகிற பட்டையைத்தான் அவர் தடவிக்கொண்டிருந்தார். பட்டையின் போல்ட் ஓட்டை தேய்ந்து நீண்டுபோயிருந்தது. கையால் கார்டை ஆட்டினால் தெரியாது. வண்டி ஒருபக்கமாகச் சாயும்போது மட்டும் பட்டை நகர்ந்து சேசிஸில் இடிக்கும். சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது தோன்றவே இல்லை.

“இந்த எடத்துல சைக்கிள் டியூப வெட்டி மடிச்சு வச்சு, மேல சுத்திக் கட்டியிருந்தேனே. எங்க அது?”

எனக்கு அந்தக் கணத்தில்தான் நினைவு வந்தது. வண்டி எங்கள் வீட்டுக்கு வந்த அன்று, பூஜை போடுவதற்கு முன்னால், அம்மா முன்பக்கத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கார்டில் தொங்கிய காய்ந்த எலுமிச்சம்பழம், மிளகாய், சோழி கோத்த கறுப்புக் கயிறு எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னது. “அவங்க வீட்டுத் திருஷ்டி நம்ம வாசலுக்குள்ள வரவேணாம். எம்பொண்ணு பட்டது போதும்” என்றது. பழைய வண்டி வாங்கினால் எல்லாரும் செய்வதுதான், ஆனால் எல்லாரும் இந்த வார்த்தையைச் சொல்லிச் செய்வதில்லை. குனிந்து பார்த்துவிட்டு, “உள்ளயும் கறுப்பா ஒண்ணு முடிஞ்சு கட்டியிருக்காங்க பாரு, வேணும்னே கட்டுனது” என்றது. நான் கத்தியும் கட்டிங் பிளேயருமாக உள்ளே நுழைந்து, மேலே சுற்றியிருந்த கம்பியோடு அதை அறுத்தேன். கறுப்பாக, தடித்து, இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. அறுத்ததை அரசலாற்றில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டும் வந்தேன்.

“அறுந்து விழுந்துருக்கும் மாப்ள” என்றேன்.

“அறுந்துருக்காது. மேல கம்பி போட்டுல்ல முறுக்குனேன். இந்தா, கம்பியில வெட்டுன மொனை இருக்கே.”

தங்கை அம்மாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அம்மாவைப் பார்த்தாள். பெற்ற தாயின் முகத்தைப் படிக்க அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும். அம்மா காப்பியைப் படியில் வைத்துவிட்டு, கதவை விட்டு வெளியே வந்து, வாழ்க்கையில் முதன்முறையாக மாப்பிள்ளையிடம் நேராகப் பேசியது.

“நாந்தான் அறுத்துப் போட்டேன் மாப்பிள்ள. திருஷ்டிக் கவுறுன்னு நெனச்சுட்டேன்.”

வண்டிக்கடியில் இருந்த கால்கள் அசையவில்லை. குரல் மட்டும் வந்தது. நிதானமான குரல்தான்.

“முட்டி வலியில மாடிப்படியே ஏற மாட்டீங்களே. இதுக்குள்ள எப்புடி அத்தை பூந்தீங்க?”

நான் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. திறக்க நினைத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் நான் நினைத்தது தெருவில் யார் நிற்கிறார்கள் என்பதைத்தான். அம்மா என்னைக் காட்டிக்கொடுக்காமல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றது. இத்தனை மாதமும் மாப்பிள்ளைக்கு மரியாதை, மாப்பிள்ளைக்கு மரியாதை என்று நாங்கள் கட்டிக் காத்தது பாதி பயம், மீதி வெறுப்பு என்று வண்டிக்கடியில் படுத்திருந்தவருக்கு ஒரு வெட்டுக் கம்பியில் தெரிந்துவிட்டது. உடம்பெல்லாம் கூசியது எனக்கு. அவர் முகம் தெரியாமல் இருந்ததே பெரிய உதவியாக இருந்தது.

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. “ஒரு பழைய டியூபு இருந்தாக் கொடுங்க” என்றார். நான் நகர்வதற்குள் தங்கை கொல்லைக்குப் போய் என் பழைய சைக்கிள் டியூபைத் தேடி எடுத்துவந்து, தன் பட்டுப்புடவை புழுதியில் புரள, வண்டியருகே குந்தி உட்கார்ந்து உள்ளே நீட்டினாள். அவர் வெட்ட வெட்ட ஒவ்வொரு துண்டாக வாங்கி மடித்துக் கொடுத்தாள். அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளாமலேயே அதைச் செய்தார்கள்.

வேலை முடிந்து நானும் அவரும் மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். சத்தம் சுத்தமாக இல்லை. “அந்த ஓட்டைக்கு ஒரு வாஷர வச்சு வெல்டிங் பண்ணிடுங்க, டியூபு தேவைப்படாது” என்றார். “இனிமே எதுன்னாலும் ஒரு போன் போடுங்க மச்சான்.”

“நாந்தான் மாப்ள அறுத்தேன்” என்றேன் அப்போது, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு.

“தெரியும்” என்றார்.

வீட்டில் இலை போட்டிருந்தார்கள். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். சாப்பிடாமல் போய்விடுவாரோ என்று பயந்துகொண்டிருந்தோம், அந்தக் குறையை அவர் வைக்கவில்லை. மீன் குழம்பை அம்மாவே ஊற்றியது. எப்போதும் இரண்டாம் தடவை கேட்டு வாங்குகிறவர், அன்று அம்மா கரண்டியை நீட்டியபோது இலைக்கு மேல் கையை வைத்து மறைத்து, “போதும் அத்தை” என்றார்.

அவர் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது தங்கையிடம் பேசிவிட வேண்டும் என்று கொல்லைப் பக்கம் போனேன். அடிபம்பில் புடவைக் கரையைக் கழுவிக்கொண்டிருந்தாள். டியூபின் கறுப்பு போகவில்லை.

“அவரு ஏதாச்சும் சொன்னா எனக்கு ஒரு போன் போடும்மா” என்றேன்.

“அவரு ஒண்ணும் சொல்ல மாட்டாரு. சொல்ற ஆளா இருந்தா இங்கயே சொல்லியிருப்பாருல்ல” என்றாள். கரையைப் பிழிந்தாள். “வண்டி வந்த நேரந்தான் எங்கண்ணனுக்கு நல்ல நேரம் பொறந்துச்சு, அம்மா தெருவெல்லாம் மாப்பிள்ள கைராசின்னு சொல்லிட்டுத் திரியிதுன்னு நான் அங்க சொல்லி வச்சிருந்தேண்ணே. ஒரு தடவ இல்ல, எத்தனையோ தடவ. அவரு கேக்க மாட்டாரு, நானாத்தான் சொல்லுவேன். சொன்னா அன்னிக்கு முழுக்க அவரு மொகம் நல்லாருக்கும். அவங்க அம்மாவும் ஒண்ணும் பேச மாட்டாங்க.”

ஏன் அப்படியெல்லாம் பொய் சொன்னாய் என்றுதான் வாயில் வந்தது, நல்லவேளை அதை விழுங்கிக்கொண்டேன்.

“இனிமே நம்ம வீட்டப் பத்தி நான் எதைச் சொன்னாலும் அவரு நம்பணுமேண்ணே” என்றாள்.

வாசலில் ஹாரன் ஒருமுறை அடித்தது. அவள் ஈரப் புடவையை உதறிச் செருகிக்கொண்டு போனாள். நான் பின்னாலேயே போய் அவர்களுக்காகக் கேட்டைத் திறந்துவிட்டேன்.